சால்ட் லேக் கேலரியில் இரண்டு மாலைகள்: கொல்கத்தா டெர்பி பார்க்கப் போகலாமா?

மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு உள்ளூர் கால்பந்து கிளப்புகள் மோதும் டெர்பி ஆட்டத்தைப் பார்க்கக் கொல்கத்தா வரைக்கும் போகலாமா, போனால் எந்தப் பக்க டிக்கெட் எடுப்பது என்று வியாசர்பாடி நண்பர்கள் விடாமல் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். 2023-ல் எட்டு மாதம் வேலைக்காக அங்கே இருந்தேன். அந்த ஆகஸ்ட் 12-ல் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் குழுச் சுற்று ஆட்டம், செப்டம்பர் 3-ல் அங்கேயே அதே கோப்பையின் இறுதி ஆட்டம். இரண்டிலும் மோதியது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்தான். முதல் ஆட்டத்தை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் நடுவில் பார்த்தேன், இரண்டாவதை மோகன் பகான் ரசிகர்கள் நடுவில். அதனால் இரண்டு கேலரியைப் பற்றியும் சொல்ல முடியும்.

இரண்டு பக்கமும் எனக்கு ஆள் இருந்ததுதான் அதற்குக் காரணம். அலுவலகம் செக்டார் ஃபைவில். பக்கத்து மேசைக்காரர் விஜய்கர் காலனியில் பிறந்தவர். தேசப் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தாங்களே எழுப்பிக்கொண்ட குடியிருப்பு அது. அவருடைய தாத்தா டாக்காவிலிருந்து வந்தவர். இப்படி வந்தவர்களைப் பாங்கால் என்பார்கள். நான் வாடகைக்கு இருந்தது ஷியாம்பஜாரில், பல தலைமுறையாக அதே தெருவில் வாழும் ஒரு குடும்பத்தின் மாடியில். அவர்கள் கோட்டி. நம் நெல்லைக்காரர்கள் சொல்லும் கோட்டி இல்லை இது, மேற்கு வங்கத்தின் பூர்வீகக் குடிகளுக்கு அங்கே உள்ள பெயர். பாங்கால் வீடு என்றால் ஈஸ்ட் பெங்கால், சிவப்பு மஞ்சள், இலிஷ் மீன். கோட்டி வீடு என்றால் மோகன் பகான், பச்சை மெரூன், இறால். வீட்டுக்கார அம்மாவை மாஷிமா என்றுதான் கூப்பிடுவேன், நமக்குப் பெரியம்மா, சித்தி மாதிரி. அவர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களின் வரிசையிலேயே 1911-ஆம் வருஷ மோகன் பகான் அணியின் படமும் மாட்டியிருக்கும். அந்த ஜூலை 29-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் அணியை 2-1 என்று தோற்கடித்த பதினொரு பேர். ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். படத்துக்குத் தினமும் பூ வைப்பார்.

இதை அலுவலகத்தில் சொன்னபோது பக்கத்து மேசை அண்ணன் சிரித்தார். "அந்த கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி எங்க கிழக்கு வங்கத்து ஆள் என்று உன் மாஷிமாவிடம் கேட்டுப் பார்" என்றார். நான் கேட்கவில்லை. குடியிருக்கும் வீடு அது.

டிக்கெட் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அங்கேதான் முதல் சிக்கல் வரும். ஆன்லைனில் முயன்றேன். பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. பணம் திரும்பி வர ஆறு நாள் ஆனது. உதவி எண்ணில் பேசியவரிடம் பதிலே இல்லை. கடைசியில் அண்ணன் விடுப்புப் போட்டுவிட்டு, மைதான் பகுதியில் இருக்கும் கிளப் கவுண்டரில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று எனக்கும் சேர்த்து வாங்கினார். விலை கையைக் கடிக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்க உள்ளூர் ஆள் வேண்டும். சென்னையிலிருந்து டெர்பிக்கென்றே கிளம்புகிறவர்கள் டிக்கெட் கையில் வராமல் ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டாம்.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. சியால்தாவில் மெட்ரோ ஏறினோம். பெட்டிக்குள் இரண்டு நிறமும் கலந்துதான் இருந்தது. இந்தப் பக்கம் 'ஜொய் ஈஸ்ட் பெங்கால்', அந்தப் பக்கம் 'ஜொய் மோகன் பகான்', நடுவில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. யாரும் யார் மீதும் கை வைக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் விளையாட்டுச் சத்தமாக எனக்குக் கேட்கவில்லை. பெயர் சொல்லி, பேட்டை சொல்லி, பரம்பரை சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். முல்லை நகர் கிரவுண்டில் தெருவுக்குத் தெரு ஆடி வளர்ந்தவன் நான், ஏரியா மேட்ச் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதேதான், அறுபதாயிரம் பேர் அளவுக்கு. சால்ட் லேக் ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஜனம் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு வாயிலுக்கு நடந்தது. அதுவரை தோளோடு தோள் நின்று பாடிக்கொண்டு வந்த இரண்டு நண்பர்கள், ஒருவன் சிவப்பு மஞ்சள், ஒருவன் பச்சை மெரூன், படிக்கட்டருகே கை கொடுத்துவிட்டுப் பிரிந்து போனதைப் பார்த்தேன்.

மைதானத்தைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். 1984-ல் திறந்தது, 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தார்கள், இறுதி ஆட்டமே இங்கேதான் நடந்தது. இப்போது சுமார் 68,000 இருக்கைகள். ஓட்டப்பந்தயத் தடம் சுற்றிலும் இருப்பதால் ஆடுகளம் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் கீழ் வரிசை கிடைத்தால் எதிர்ப்பக்கத்தில் நடப்பது புரியாது. மேல் அடுக்கு கேட்டு வாங்குங்கள். மழைக்காலம் என்றால் மெல்லிய மழைக்கோட்டு ஒன்று போதும், குடையோடு போய் வாசலில் தவிக்க வேண்டாம்.

கேலரியில் என் இடப்பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். உடனே கண்ணை மூடிக்கொண்டு, மந்திரம் சொல்வது போல, "வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே" என்றார். 1949-லிருந்து 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேர், பஞ்ச பாண்டவர் என்று பெயர். ஐந்து பேருமே தென்னிந்தியர்கள். நாடு விட்டு வந்த மக்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய ஐவரும் விந்திய மலைக்கு இந்தப் பக்கத்தவர்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. பிறகு அவர் வலது கையை விரித்து ஐந்து விரலையும் எதிர்க் கேலரி பக்கம் காட்டினார். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம், மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று தோற்கடித்தது. நாற்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. அவருக்கு அது போன வாரம்.

அன்றைக்கு அவர்களுக்கு அந்தப் பழைய ஐந்து தேவைப்பட்டது. 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஒரு டெர்பிகூட ஜெயிக்கவில்லை, வரிசையாக எட்டுத் தோல்வி. எதிரே நிற்பது ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன், ஆஸ்திரேலியாவுக்காக உலகக் கோப்பை ஆடிய ஜேசன் கம்மிங்ஸை வாங்கி வைத்திருக்கும் அணி. முதல் பாதி முழுக்க என்னைச் சுற்றியிருந்தவர்கள் பாடினார்கள், ஆனால் பாட்டுக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. பந்து தங்கள் பாதிக்குள் வரும் ஒவ்வொரு முறையும் அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால் அந்த இடம் கன்றியிருந்தது.

அறுபதாவது நிமிஷம். வலது ஓரத்தில் நந்தகுமாருக்குப் பந்து வருகிறது. நந்தகுமார் சேகர், நம் சென்னைப் பையன், அந்த சீசனில்தான் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு வந்திருந்தார். எதிரே நின்றவரை ஏய்த்து உள்ளே திரும்பி, இடது காலால் வளைத்து அடித்தார். பந்து தூரத்து மூலைக்குப் போகிறது என்பதை நான் வலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது. அதற்கப்புறம் யார் என்னைத் தூக்கினார்கள், யார் நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. 'மெட்ராஸ்! மெட்ராஸ்!' என்று அந்தப் பெரியவர் என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார், கோல் போட்டது நான் என்பது போல. எதிர்க் கேலரியைப் பார்த்தேன். அத்தனை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மீதி அரை மணி நேரம் யாருக்கும் ஆட்டத்தில் கண் இல்லை, எல்லோரும் கடிகாரத்தையே பார்த்தார்கள். 1-0. அண்ணன் உட்கார்ந்து அழுதார். அவருடைய அப்பா 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டன்ஸ் டெர்பிக்குப் போயிருந்தவர். கலவரமும் நெரிசலுமாகி 16 ரசிகர்கள் செத்துப்போன நாள் அது. அவர் அப்பா நள்ளிரவில் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாராம். இன்றைக்கும் ஆகஸ்ட் 16-ல் அந்த நினைவாகக் கொல்கத்தாவில் ரத்த தானம் நடக்கிறது. அதற்கப்புறமும் அவர்கள் வீட்டில் யாரும் டெர்பிக்குப் போவதை நிறுத்தவில்லை.

இரவு பத்தரைக்கு ஷியாம்பஜார் திரும்பினேன். முகத்தில் இருந்த சிவப்புப் பொடியைத் தெருக்குழாயில் கழுவிவிட்டுத்தான் மாடி ஏறினேன். மாஷிமா கதவருகே நின்றார். சாப்பாடு மூடி வைத்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "உன் ஊர்ப் பையனா போட்டான்?" ஆமாம் மாஷிமா என்றேன். "நல்ல கோல்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

இறுதி ஆட்டத்துக்கு அவருடைய மகன் என்னைக் கூட்டிப்போனார். இந்த முறை மெட்ரோ இல்லை, மேட்டடோர். சின்ன லாரிதான், அங்கே அப்படிச் சொல்கிறார்கள். பின்னால் முப்பது பேர், இரண்டு பெரிய கொடி, ஒரு மத்தளம். ஷியாம்பஜார் ஐந்து சாலைச் சந்திப்பைத் தாண்டும்போது மாடி மாடியாகப் பெண்கள் கைகாட்டினார்கள். மோகன் பகான் பக்கத்துக் கேலரி வேறு மாதிரி. பேனர் விரிப்பதில் ஒழுங்கு, பாட்டில் ஒழுங்கு, யார் எப்போது ஆரம்பிப்பது என்பதில்கூட ஒரு கட்டு இருந்தது. சத்தத்தின் அளவு பார்த்தால் ஈஸ்ட் பெங்கால் பக்கம் ஒரு படி மேல், அதை மறைக்க மாட்டேன். ஆனால் 62-வது நிமிஷம் அனிருத் தாபா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினதும் இந்தக் கேலரி செய்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. திட்டவில்லை, புலம்பவில்லை. ஒரு நொடி மௌனம், உடனே மொத்தக் கூட்டமும் எழுந்து, ஆடுகளத்தில் குறைந்த ஒரு ஆளைத் தாங்களே நிரப்புவது போலக் கத்த ஆரம்பித்தது. 71-வது நிமிஷம் டிமிட்ரி பெட்ராடோஸ் தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே அடித்தார். 1-0. பத்துப் பேரோடு கோப்பை. அது மோகன் பகானின் 17-வது டூரண்ட் கோப்பை. அதுவரை 16 கோப்பைகளோடு இரண்டு கிளப்பும் சமமாக இருந்தன.

எனக்கு அன்றைக்கு மனசு இரண்டாகத்தான் இருந்தது. கீழே நந்தகுமார் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார். எதிர்ப்பக்கம் எங்கோ அண்ணன் இருந்தார். நான் பச்சைக் கொடிக்கு அடியில் குதித்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு மாஷிமா வீட்டில் தேங்காய்ப்பாலில் இறால். மறுநாள் அலுவலகத்தில் அண்ணன் என் டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார், மதியம் வரை என்னோடு பேசவில்லை. மதியம் அவரே வந்து ஒரு இறாலை எடுத்துக்கொண்டார்.

இந்தப் பகையில் வெறுப்பு இல்லையா என்று கேட்டால், உண்டு. கேலரியில் வரும் சில வசவுகள் வெறும் ஆட்டத்தைப் பற்றியது அல்ல, அகதி என்றும் வந்தேறி என்றும் குத்துகிறவை. அது எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். அதே காயத்தை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 2020 ஜனவரி டெர்பியில் பெரிய பேனராக விரித்தார்கள். காகிதத்தால் அல்ல, ரத்தம் கொடுத்து வாங்கிய மண் இது என்று குடியுரிமையை நிரூபிக்கக் காகிதம் கேட்கும் பதிவேட்டுப் பேச்சுக்குப் பதில் எழுதியிருந்தார்கள். 2024 ஆகஸ்டில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, 18-ஆம் தேதி நடக்கவிருந்த டெர்பியை ரத்து செய்தார்கள். அன்றைக்கு இரண்டு நிறச் சட்டைக்காரர்களும் நீதி கேட்டு இதே மைதானத்தின் வாசலில் ஒன்றாக நின்றார்கள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். அண்ணனும் மாஷிமாவின் மகனும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்த மாலை ஒரே கொடிக்கம்பைப் பிடித்தபடி இருவரும் எனக்குப் படம் அனுப்பினார்கள்.

சரி, முடிவு. போங்கள். முதல் முறை என்றால் ஈஸ்ட் பெங்கால் பக்கம் எடுங்கள், தென்னிந்தியர் என்று தெரிந்தால் உங்களைத் தனியாக விட மாட்டார்கள். இரண்டு ஆட்டம் பார்க்க வாய்ப்பிருந்தால் இரண்டாவதை எதிர்ப்பக்கம் பாருங்கள். எந்த நிறமும் இல்லாத சட்டை போடுங்கள், ஜெர்சி வேண்டுமென்றால் தர்மதலாவில் மைதான் மார்க்கெட்டில் வாங்கி உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு முட்டாமல் இருபது நிமிஷம் இருக்கையிலேயே இருங்கள். தோற்ற பக்கத்தில் அந்த இருபது நிமிஷத்தில் யாரும் பாடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் பேச ஆரம்பிப்பார். மெட்ராஸ் என்று சொல்லுங்கள்.