கியூஎம்எல் பைண்டிங்: முக்காற்புள்ளிக்கும் சமக்குறிக்கும் நடுவே சில வருடங்கள்

2016-இல் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தின் தொடுதிரைக்கு மென்பொருள் எழுதும் வேலை வந்தது. கியூடி என்ற சி ப்ளஸ் ப்ளஸ் மென்பொருள் கட்டமைப்பில் திரைகளை எழுதும் மொழியான கியூஎம்எல்லை அப்போதுதான் முதன்முதலாகத் தொட்டேன். (கியூடியை ‘க்யூட்’ என்றுதான் உச்சரிக்க வேண்டுமாம். எங்கள் ஆபீஸில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.) ஆரம்பித்தது 5.6 பதிப்பில், பிறகு 5.15, இப்போது 6.5. இயந்திரம் அதேதான், திரைகளை மட்டும் இரண்டு முறை திருப்பி எழுதியாகிவிட்டது.

முதல் மாதம் காதல்தான். அதற்கு முன் விட்ஜெட்டுகளில் (கியூடியின் பழைய திரை முறை) வெப்பநிலை மாறினால் ‘மாறிவிட்டது’ என்று அறிவிக்கும் சிக்னலைப் பிடித்து, லேபிளைத் தேடி, எழுத்தை மாற்றி, நிறத்தையும் மாற்ற வேண்டும். கியூஎம்எல்லில் லேபிளின் ‘டெக்ஸ்ட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, பக்கத்தில் ‘மெஷின்.வெப்பம்’ என்று போட்டால் முடிந்தது. இந்தப் பிணைப்புக்குப் பெயர்தான் பைண்டிங். அந்த வரியைக் கணக்கிடும்போது எந்தெந்தப் பிராபர்ட்டிகளை (ஆப்ஜெக்டுகளின் பெயரிட்ட மதிப்புகள்) படித்தோம் என்று எஞ்சின் குறித்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்று மாறியதாகச் சிக்னல் வந்தால் தானே மறுபடி கணக்கிடுகிறது. சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் நாம் செய்ய வேண்டியது, பிராபர்ட்டியை அறிவிக்கும்போது ‘நோட்டிஃபை’ சிக்னலைக் குறிப்பிடுவதும், மதிப்பு மாறும்போது மறக்காமல் அதை அனுப்புவதும்தான். குறிப்பிட மறந்தால், திரை முதல் மதிப்பைக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். கன்சோலில் ஒரு எச்சரிக்கை வரும். எங்கள் லாகில் இருந்த கூட்டத்தில் அதை யார் பார்த்தார்கள்!

முதல் அடி, ‘நிறுத்து’ பொத்தானில் விழுந்தது. பொத்தானைத் தொட்டதும் நிலை காட்டும் லேபிளில் உடனே ‘நிறுத்தப்பட்டது’ என்று வரட்டும் என நினைத்து, கிளிக் ஹேண்ட்லரில் (பொத்தானைத் தொட்டால் ஓடும் கோட்) ஒரு சமக்குறி போட்டு எழுதிவிட்டேன். அன்று நன்றாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் இயந்திரத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டிக் காட்டியபோது இயந்திரம் ஓடுகிறது, திரையோ ‘நிறுத்தப்பட்டது’ என்றே சொல்கிறது. சமக்குறியால் மதிப்பைக் கொடுத்த கணமே பழைய பைண்டிங் அறுந்துபோகும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆவணத்தில் படித்திருந்தேன். படித்ததும் கையில் பட்டதும் ஒன்றா?

இப்படி அறுபடும் இடங்களைக் காட்டும் லாக் வகை ஒன்று 5.10-இல் வந்தது, பெயரே ‘பைண்டிங் ரிமூவல்’. அதை இயக்கிப் பார்த்த அன்று எங்கள் திரைகளில் பதினைந்துக்கு மேல் சிக்கியது. பாதி தெரிந்தே செய்தவை, மீதி யாரும் கவனிக்காதவை. கியூஎம்எல்லின் பொத்தான், செக்பாக்ஸ் தொகுப்பான பழைய கண்ட்ரோல்ஸ் 1-இல் செக்பாக்ஸைப் பயனர் தொட்டாலே அதன் பைண்டிங் அறுந்துவிடும். கண்ட்ரோல்ஸ் 2-இல் அந்த மாற்றம் உள்ளே சி ப்ளஸ் ப்ளஸில் நடப்பதால் பைண்டிங் பிழைத்துக்கொள்கிறது.

பிழைத்துக்கொள்கிறதே என்று நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் ஸ்லைடர் வந்தது. வெப்பநிலை ஸ்லைடர் 250 வரை போகும். ஆனால் சில அச்சுகளுக்கு 220-தான் உச்சம், அந்தக் கட்டுப்பாடு, பிராபர்ட்டிக்குப் புது மதிப்பைக் கொடுக்கும் சி ப்ளஸ் ப்ளஸ் ஃபங்ஷனான செட்டருக்குள் இருந்தது. ஆபரேட்டர் 250-க்கு இழுத்தால் செட்டர் 220 ஆக்கும், சிக்னல் போகும், ஸ்லைடர் பின்வாங்கும். சரி. ஏற்கெனவே 220-இல் இருக்கும்போது 250-க்கு இழுத்தால்? செட்டர் 220 ஆக்குகிறது, ‘மதிப்பு மாறவில்லையே’ என்று சிக்னலை விட்டுவிடுகிறது. மதிப்பு மாறினால் மட்டுமே சிக்னல் அனுப்பு என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் நல்ல பழக்கம்தான் இங்கே காலை வாரியது. பைண்டிங் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதை எழுப்ப ஆளில்லை. திரையில் 250, இயந்திரத்தில் 220. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆபரேட்டர் திரையை நம்பித்தான் குறிப்பேட்டில் எழுதுவார். கேட்ட மதிப்பை மறுத்தாலும் சிக்னல் அனுப்ப வேண்டும் என்று அந்தச் செட்டரை மாற்றினோம்.

6.0-இல் சி ப்ளஸ் ப்ளஸ் பக்கமே பைண்டிங் வைக்கும் வசதி வந்தபோது ஆசையோடு ஒரு கிளாஸை மாற்றிப் பார்த்தேன். அங்கே பிராபர்ட்டியில் பைண்டிங் இருந்தால் மதிப்பு செட்டர் வழியாக வருவதில்லை. அதாவது என் 220 கட்டுப்பாடு அம்போ. இரண்டே நாளில் பழையபடி திருப்பிவிட்டேன். கட்டுப்பாடு எதுவும் தேவைப்படாத, வெறுமனே கணக்கிடும் மதிப்புகளுக்கு அது அருமை.

தலைவலி அதிகம் கொடுத்தது இன்னொன்று. கியூஎம்எல்லிலிருந்து கூப்பிடும் ஒரு ஃபங்ஷன், பேரண்ட் (அதை அழிக்கும் பொறுப்புள்ள ஆப்ஜெக்ட்) இல்லாத ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுத்தால் அதன் உரிமை ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்குப் போய்விடும். பயன்படாத நினைவகத்தைக் குப்பையாக அள்ளும் நேரம் வந்ததும் எஞ்சின் அதை அழித்துவிடும். சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் அந்த ஆப்ஜெக்டின் முகவரியான பாயிண்டரைக் கையில் வைத்துப் பயன்படுத்தினால் க்ராஷ். எங்களுக்கு நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. டெஸ்ட் பண்ணும்போது ஒருநாளும் வராது. அதே ஆப்ஜெக்டைப் பிராபர்ட்டி வழியாகக் கொடுத்தால் இந்த வம்பு இல்லை. பேரண்ட் கொடுத்தபின் க்ராஷும் நின்றது.

5.15-இல் வந்த ‘ரிக்வயர்ட்’ பிராபர்ட்டிகளுக்குக் கோயில் கட்டலாம். முன்பெல்லாம் காண்டெக்ஸ்ட் பிராபர்ட்டிகளாக (திரைகளுக்குப் பொதுவாகத் தெரியும் பெயர்கள்) முப்பது பெயர்களை உள்ளே தள்ளிவிடுவோம். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அந்தத் திரையைத் திறக்கும் நாளில்தான் பிழைச் செய்தி வரும். இப்போது தேவையானதைக் கொடுக்காவிட்டால் அந்தப் பகுதி உருவாகவே மறுக்கிறது.

இன்று எங்கள் திரைகளில் கியூஎம்எல் படிக்கும், கேட்கும். முடிவெடுப்பதெல்லாம் சி ப்ளஸ் ப்ளஸ்தான். நிறுத்து பொத்தான் இயந்திரத்திடம் கோரிக்கை மட்டும் வைக்கிறது. லேபிள் மாற அரை நொடி ஆகும், அந்த நேரத்தில் அது ‘நிறுத்துகிறது…’ என்று காட்டும். அதையும் இயந்திரத்தின் நிலைதான் சொல்கிறது. டீமுக்குப் புதிதாக வந்த தம்பியிடம் ரிவ்யூவில் நான் முதலில் தேடச் சொல்வது, ஹேண்ட்லருக்குள் இருக்கும் சமக்குறிகளைத்தான்.

ஒரு டயலாகில் மட்டும் ‘பைண்டிங் லூப்’ எச்சரிக்கை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பெட்டியின் அகலம் உள்ளே இருக்கும் எழுத்தைப் பொறுத்தது, எழுத்து மடங்குவது பெட்டியின் அகலத்தைப் பொறுத்தது. திரையில் சரியாகத்தான் தெரிகிறது. கைவைக்கத்தான் பயம்.