கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ்ஸா, ஸ்பைக் கார்டா?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எதை வாங்குவது என்று பலர் குழம்புகிறார்கள். யுபிஎஸ் என்பது கரண்ட் போனாலும் பேட்டரியிலிருந்து கொஞ்ச நேரம் மின்சாரம் தரும் பெட்டி. ஸ்பைக் கார்டு (spike guard) என்பது திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பிளக் பாக்ஸ். இரண்டும் செய்யும் வேலையே வேறு.

விலை: ஸ்பைக் கார்டு சில நூறு ரூபாய். 600 விஏ (VA, யுபிஎஸ் எவ்வளவு லோடு தாங்கும் என்ற அளவு) யுபிஎஸ் சில ஆயிரம்.

கரண்ட் போனால்: ஸ்பைக் கார்டில் டெஸ்க்டாப் அந்த நொடியே அணைந்துவிடும், சேமிக்காத வேலை போச்சு. யுபிஎஸ் சுமார் பத்து நிமிடம் தாங்கும். ஒழுங்காக ஷட் டவுன் செய்ய அது தாராளம்.

மின்னழுத்தம் எகிறினால்: ஸ்பைக் கார்டுக்குள் உள்ள வேரிஸ்டர் என்ற சின்ன பாகம் அதிகப்படி அழுத்தத்தைத் தன் வழியே திருப்பிவிடும். வீட்டில் எர்த் சரியில்லையென்றால் பாதுகாப்பு குறையும், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியில் ஜூல் அளவு (எவ்வளவு அதிகப்படி மின்சக்தியைத் தாங்கும் என்ற கணக்கு) போடவில்லையா? அது பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான், ஏமாறாதீர்கள்.

ஆயுள்: யுபிஎஸ் பேட்டரியை 2, 3 வருடத்தில் மாற்ற வேண்டிவரும். வேரிஸ்டரும் ஒவ்வொரு அடிக்கும் தேயும், ஆனால் வெளியே தெரியாது. அதனால் பாதுகாப்பு இன்னும் வேலை செய்கிறதா என்று காட்டும் இண்டிகேட்டர் விளக்கு உள்ள ஸ்பைக் கார்டாக வாங்குங்கள்.

லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் ஸ்பைக் கார்டே போதும். டெஸ்க்டாப்பில் வேலை பார்ப்பவர்கள் தயங்காமல் யுபிஎஸ் வாங்குங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள், லோடு தாங்காது. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டையுமே நம்ப முடியாது. வானம் இருட்டும்போதே பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.