பூப்பந்தும் வீட்டுப்பாடமும் ஒரே இடத்தில்: சில வருட அனுபவம்

மகள் தொடக்கநிலை 3 படிக்கும்போது இதில் சேர்த்தோம், இப்போது உயர்நிலை 1, இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் நடக்கும் சின்னத் திட்டம், பெயர் வேண்டாம். வார நாளில் ஒரு மாலை, அப்புறம் சனிக்கிழமை காலை. முதலில் பாடம், பிறகுதான் ராக்கெட். வீட்டுப்பாடம் முடியாதவர் கோர்ட்டுக்குள் இறங்க முடியாது, அழுதாலும் சரி.

யோசனை பழையதுதான். அமெரிக்காவில் ஆர்தர் ஆஷ் 1969-லேயே நண்பர்களோடு சேர்ந்து வசதியில்லாத பிள்ளைகளுக்கு டென்னிஸ் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 1996-இல் பாஸ்டனில் ஸ்குவாஷ்பஸ்டர்ஸ் என்ற திட்டம் வந்தது, அங்கே ஸ்குவாஷோடு பாடமும் உண்டு. நம் ஊரில் பூப்பந்துதான் எடுபடும், அதுவும் 2021-இல் நம் ஆட்டக்காரர் லோ கியன் இயூ உலக வெற்றியாளர் ஆன பிறகு கேட்கவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது கணக்குச் சொல்லிக்கொடுத்த விதம். பரப்பளவு என்றாலே மகளுக்குக் கசப்பு. வழிகாட்டியாக வந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அளவு நாடாவைக் கையில் கொடுத்து, "போய் கோர்ட்டை அளந்துட்டு வா" என்றாள். நீளம் 13.4 மீட்டர், இரட்டையருக்கு அகலம் 6.1, ஒற்றையருக்கு 5.18. இரண்டு பரப்பளவுக்கும் எவ்வளவு வித்தியாசம்? இவள் கால்குலேட்டரில் இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கிக் கழித்துக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்த பையன் ஓரத்துப் பட்டைகள் இரண்டை மட்டும் பெருக்கினால் போதுமே, ஒவ்வொன்றும் 0.46 தானே என்று கேட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து அதை எனக்கும் பாட்டிக்கும் தரையில் கோடு போட்டு விளக்கினாள்.

மதிப்பெண் ஏறியதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஏறியது, ஆனால் மெதுவாக. 48 வாங்கியவள் 63-க்கு வந்தாள், அடைவுநிலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஏனென்றால் 45 முதல் 64 வரை எல்லாமே அடைவுநிலை 6 (1-தான் ஆக உயர்ந்தது). தொடக்கநிலை இறுதித் தேர்வில்தான் 5-க்குத் தாண்டினாள். டியூஷனுக்குப் பதில் இது போதும் என்று நினைத்துச் சேர்த்தால் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் உட்காரவே மறுக்கும் பிள்ளையை ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

குறையும் உண்டு. வழிகாட்டிகள் மாணவர்கள் என்பதால் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுகிறார்கள், பிள்ளை ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர் வேலைக்குப் போய்விடுவார். தமிழுக்கு ஆளே இல்லை, அதை வீட்டில் நாங்களே பார்த்துக்கொண்டோம். தேர்வு நேரத்தில் கூடுதல் வகுப்பு கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.

நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு, அதாவது தேர்வு முடிவுக்கு முன்பே விளையாட்டு போன்ற திறமையை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கும் வழிக்கு, இது படிக்கட்டு என்று நினைக்கும் பெற்றோர் கொஞ்சம் பொறுங்கள். பள்ளிகள் தேடுவது போட்டிகளில் ஆடித் தேறிய பிள்ளைகளை, இங்கே வாரத்துக்கு இரண்டு முறை ஆடுவது அதற்குப் பற்றாது. அந்த வழியில் கிடைத்த இடத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் வழக்கமான உயர்நிலை 1 சேர்க்கையில் வேறு பள்ளி கேட்கவும் முடியாது.

இதே மாதிரி திட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் பயிற்றுவிப்பாளரின் பதக்கங்களைக் கேட்காதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள், பாட நேரத்தில் பயிற்றுவிப்பாளரும் கூடவே உட்காருவாரா என்று கேளுங்கள். எங்கள் பயிற்றுவிப்பாளர் உட்காருவார், அதனால்தான் யாரும் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நழுவுவதில்லை.