பவ் த்ரஸ்டர் பொருத்தக் கொடுக்கிறீர்களா? மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்பிள் ஆற்றிலும் சவுத்தாம்ப்டன் பக்கத்திலும் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி, படகின் மூக்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் பவ் த்ரஸ்டர் பொருத்தலாம் என்று யாராவது நினைத்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு பட்டறை எங்கள் படகில் செய்துவைத்த வேலை, படகு மூழ்குவதிலோ தீப்பிடிப்பதிலோ முடிந்திருக்கும்.

படகு நானும் என் மச்சானும் சேர்ந்து வாங்கியது. 35 அடி, ஃபைபர்கிளாஸ் உடல், ஒரே எஞ்சின். இந்த மாதிரிப் படகில் மெதுவாகப் போகும்போது சுக்கானுக்குப் பிடிப்பு இருக்காது. பக்கவாட்டில் காற்று அடித்தால் முன்பக்கம் தன்பாட்டுக்குத் திரும்பிவிடும். ஹாம்பிளில் காற்றோடு நீரோட்டமும் சேர்ந்து இழுக்கும், கட்டும் இடமோ குறுகல். அதற்குத்தான் பவ் த்ரஸ்டர். முன்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படகைத் துளைத்து ஒரு குழாய் பதிப்பார்கள். குழாய்க்குள் சின்ன ப்ரொப்பல்லர், அதற்கு மேலே படகுக்குள் மின்மோட்டார். பொத்தானை அழுத்தினால் மூக்கு இடமோ வலமோ நகரும்.

பட்டறைக்காரர் மொத்தமாக 6,400 பவுண்டு கேட்டார். 60 கிலோ உந்துவிசை உள்ள 12 வோல்ட் த்ரஸ்டர், 185 மில்லிமீட்டர் குழாய், 95 சதுர மில்லிமீட்டர் கேபிள் என்று விலைக்குறிப்பில் எழுதியும் கொடுத்தார். இந்த மூன்றாவது வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய நாளிலிருந்தே த்ரஸ்டரில் வலு இல்லை. இரைச்சல் மட்டும் காதைக் கிழித்தது. லேசான காற்றுக்கே மூக்கு அசைய மறுத்தது. போன் பண்ணிக் கேட்டால், எல்லா த்ரஸ்டரும் சத்தம் போடும் என்றார். அப்புறம் உங்கள் பேட்டரி பழசு என்றார். புதுசு போட 900 பவுண்டு ஆகும் என்று அதற்கும் ஒரு விலை சொன்னார். அந்த பேட்டரிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

மச்சான் எலெக்ட்ரீஷியன். அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். த்ரஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும் என்றார். பேட்டரி முனையில் 11.6 வோல்ட். மோட்டார் முனையில் 8.9. ஓடிய மின்சாரம் 330 ஆம்பியர். அப்படியென்றால் வழியில் 2.7 வோல்ட் காணாமல் போகிறது. பின்பக்க பேட்டரியிலிருந்து முன்பக்க மோட்டார் வரை 8 மீட்டர், போக வர 16 மீட்டர். 95 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்றால் அந்த தூரத்தில் ஒரு வோல்ட்டுக்குள்தான் இறங்கவேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு முனைகளிலும் இருந்தது தடித்த கேபிள்தான், உறையில் 95 என்று அச்சிட்டும் இருந்தது.

படகுக்குள் கட்டிலுக்குப் பின்னாலிருந்த பலகையைக் கழற்றினோம். உள்ளே, பேட்டரியிலிருந்து வந்த தடித்த கேபிள் ஒரு முழ நீளத்திலேயே முடிந்துவிட்டது. அதன் நுனியில் ஒரு இணைப்புக் குழல், அதற்கு மேலே பளபளப்பான சிவப்பு உறை. உறைக்கு அந்தப் பக்கம் கிளம்பியது 35 சதுர மில்லிமீட்டர் கேபிள். முன்பக்கம் வரை அதேதான் ஓடியது. மோட்டாருக்குப் பக்கத்தில் மறுபடியும் ஒரு முழம் தடித்த கேபிளை ஒட்டவைத்திருந்தார்கள். இதைக் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் எங்கே பார்ப்பார், எங்கே பார்க்கமாட்டார் என்று கணக்குப் போட்டுச் செய்தது.

இதில் காசு போனது சின்ன விஷயம். 2.7 வோல்ட்டை 330 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 900 வாட், ஒரு சின்ன அறை ஹீட்டரின் வெப்பம், மரப்பலகைக்குப் பின்னால் கேபிளுக்குள் இறங்குகிறது. கேபிள் போகும் ஒரு தடுப்புப் பலகையின் துளையில் ரப்பர் வளையம்கூட இல்லை. அங்கே உறை தேய்ந்து, செம்பு இழை இரண்டு வெளியே மினுங்கியது. ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காமல் முன்பக்கம் மோட்டாருக்கு அருகில் வைத்திருந்தார்கள். கேபிளுக்கு நடுவில் ஷார்ட் ஆனால் அந்த ஃப்யூஸ் இருந்தும் பயனில்லை. அந்தக் கட்டிலில்தான் என் அக்கா பிள்ளைகள் படுப்பார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கேபிளையே இப்படிச் செய்தவர்கள் குழாயை எப்படிப் பதித்திருப்பார்கள் என்ற பயத்தில் படகை மறுபடி கரையேற்றினோம். அந்தப் பட்டறையோடு சம்பந்தமில்லாத, படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு சர்வேயரை வரவழைத்தோம். அவர் ஃபைபருக்குள் இருக்கும் ஈரத்தை அளக்கும் ஈரமானியும் ஒரு சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில் ஆழம். குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்திலிருந்து குறைந்தது குழாய் விட்டத்தில் பாதி ஆழமாவது கீழே இருக்கவேண்டும், ஒரு முழு விட்டம் கிடைத்தால் நல்லது. எங்கள் குழாய்க்குப் பாதி என்றால் 93 மில்லிமீட்டர். இருந்தது 40. மேலே இருந்து காற்றை உறிஞ்சியதால்தான் அவ்வளவு இரைச்சலும் நுரையும். ஏன் மேலே துளைத்தார்கள் என்று கேட்டேன். கீழே போகப் போகப் படகு வி வடிவில் ஒடுங்கும், குழாய்க்கு அடியில் கை நுழைந்து தேய்க்கவும் ஃபைபர் பதிக்கவும் கஷ்டம், மேலே துளைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார் சர்வேயர்.

அடுத்தது ஒட்டு. பழைய பெயின்ட்டை முழுக்கத் தேய்த்து எடுத்து, சுத்தமான ஃபைபர் தெரிந்த பிறகுதான் அதன்மேல் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் அடுக்கடுக்காகப் பதிக்கவேண்டும். இங்கே படகின் உள்பக்கச் சாம்பல் பெயின்ட்டின் மேலேயே பதித்திருந்தார்கள். சர்வேயர் ஒரு ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். விரல் அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது, அடியில் பெயின்ட் அப்படியே வழவழப்பாக இருந்தது. இணைப்பை ஒட்டி நீர்த்துளிகள் வரிசையாக நின்றன. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. நீர்மட்டத்துக்குக் கீழே அந்த அளவுக்கு ஒரு துளை, அதைப் பிடித்துக்கொண்டிருந்தது பெயின்ட்தான்.

வெளிப்பக்கம் குழாயின் விளிம்பை உருட்டி மழுக்காமல் வெட்டியபடியே விட்டிருந்தார்கள். த்ரஸ்டரை அரிப்பிலிருந்து காப்பாற்ற வைக்கும் துத்தநாக ஆனோடின் மேல் பாசித் தடுப்புப் பெயின்ட்டை நன்றாகப் பூசிவைத்திருந்தார்கள். பெயின்ட் பூசிய ஆனோடு வேலை செய்யாது. இதெல்லாம் த்ரஸ்டரோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. வீட்டஸ், ஸ்லைப்னர் போன்ற தயாரிப்பாளர்கள் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். குழாயின் ஆழம், கேபிளின் தடிமன், ஃப்யூஸின் அளவு எல்லாம் அதில் அட்டவணையாக இருக்கும்.

அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டியதும் பட்டறைக்காரரின் பேச்சு மாறியது. முதலில் த்ரஸ்டர் கம்பெனியைக் கேளுங்கள் என்றார். பிறகு கேபிளை மட்டும் பாதி விலைக்கு மாற்றித் தருகிறேன் என்றார். கடைசியில் போனையே எடுக்கவில்லை.

இங்கே நமக்குச் சட்டம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, எந்த வேலையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தரவேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்யச் சொல்லலாம், அது நடக்காதபோது விலையைக் குறைக்கச் சொல்லலாம். அதைவிட எங்களுக்குக் கைகொடுத்தது 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், மொத்தத்துக்கும் கார்டு கொடுத்த நிறுவனம் சேர்ந்து பொறுப்பு. எங்கள் முன்பணம் கிரெடிட் கார்டில் போயிருந்தது. சர்வேயர் அறிக்கை, மீட்டரின் படம், வெட்டி எடுத்த கேபிள் துண்டின் படம் எல்லாவற்றையும் அனுப்பினோம். த்ரஸ்டருக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்துவிட்டது. பழைய துளையை அடைக்கும் செலவு இன்னும் இழுபறியில் இருக்கிறது. 10,000 பவுண்டு வரையான கோரிக்கைக்கு நீதிமன்றத்தில் சிறு வழக்கு வழி உண்டு, தேவைப்பட்டால் அங்கே போவோம். பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணினால் தள்ளுபடி தருகிறேன் என்று யாராவது சொன்னால், 75-ஆவது பிரிவை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட்டதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் ஏதாவது நடக்கும்போது அதைக் காரணம் காட்டுவார்கள்.

இப்போது வேறொரு பட்டறையில் வேலை நடக்கிறது. பழைய துளையை அடைத்துவிட்டு, கீழே புதுக் குழாய் பதிக்கிறார்கள். நாங்கள் கேட்டதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம்: குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர், கேபிள் நடுவில் இணைப்பு இல்லாமல் ஒரே நீளமாக, ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், பெயின்ட்டைத் தேய்த்து எடுத்ததும் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கு ஃபைபருக்கும் ஒரு படம். அந்தப் பட்டறைக்காரர் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். பணத்தில் கால்பங்கை நிறுத்திவைத்திருக்கிறோம். படகு தண்ணீரில் இறங்கி, த்ரஸ்டர் ஓடும்போது மோட்டார் முனையில் 10.5 வோல்ட்டுக்குக் குறையாமல் மச்சானின் மீட்டர் காட்டிய பிறகுதான் அது அவர் கைக்குப் போகும்.