மலை வீட்டுக்கு எந்த வரிச்சலுகை பொருந்தும்? ஓய்வுபெற்ற எளியவர்களுக்கான ஐந்து வழிகள்

குன்னூரில் ஓய்வூதியர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் என்னைத் தேடி வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று வங்கிப் பாஸ்புத்தகம், மற்றொன்று சொத்து வரிக்கான கேட்பு அறிவிப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் உடனே விளங்கிவிடும். வீட்டின் மதிப்பு தெருவோடு சேர்ந்து உயர்கிறது, அதில் குடியிருப்பவரின் வருமானமோ அவர் ஓய்வுபெற்ற நாளில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

2022-இல் தமிழக நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான சொத்து வரி உயர்த்தப்பட்டது. 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு என அந்த உயர்வு அமைந்தது. ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்த்துவதற்கான ஏற்பாடும் பின்னர் வந்தது. அது ஒவ்வோர் ஆண்டும் விடாமல் நடைமுறைக்கு வருமானால் 12 ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையோ 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. தேயிலைத் தொழிற்சாலையிலும், உதகை இந்து நகரில் மூடப்பட்டுவிட்ட போட்டோ பிலிம் ஆலையிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் பலர் இந்த ஓய்வூதியத் திட்டத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஒப்பிடுவதற்காக ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். படிக்கட்டு வழியாக மட்டுமே சென்றடையக்கூடிய 550 சதுர அடி வீடு. ஆண்டு வரி 2,400 ரூபாய். குடியிருப்பவர் மாதம் 4,000 ரூபாய் ஓய்வூதியம் பெறும் ஒரு கைம்பெண். அவருடைய ஆண்டு வருமானத்தில் சரியாக 5 விழுக்காடு இந்த ஒரு வரிக்கே போய்விடுகிறது. கூரைத் தகரம் மாற்றுவது, மழையில் சரிந்த தடுப்புச் சுவரைத் திரும்பக் கட்டுவது, சிமெண்டு மூட்டைகளைத் தலைச்சுமையாகப் படியேற்றும் கூலி ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. 2009 நவம்பர் மண்சரிவுகளைக் கண்டவர்களுக்குத் தடுப்புச் சுவர் என்பது ஒத்திப்போடக்கூடிய செலவு அல்ல என்பது தெரியும்.

முதல் வழி, இப்போது நம்மிடம் இருக்கும் சலுகை. அரையாண்டு தொடங்கிய 30 நாள்களுக்குள் வரியைச் செலுத்திவிட்டால், 5,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு 5 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். நம் கைம்பெண்ணுக்கு அது அரையாண்டுக்கு 60 ரூபாய். அரையாண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரி கட்டும் கட்டட உரிமையாளருக்கு அதே விதியில் 5,000 ரூபாய் முழுதாகக் கிடைக்கிறது. வரி விரைவாக வசூலாக வேண்டும் என்பது நியாயமான நோக்கமே; ஆயினும் கையில் பணம் இருப்பவருக்கே முதலில் பயன்படும் இந்த ஏற்பாட்டை முதியோருக்கான சலுகையாக என்னால் எண்ண முடியவில்லை. காலம் தாழ்த்துபவர்கள்மீது மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி ஏறுவதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி வயதை அளவுகோலாகக் கொள்வது. தில்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்கள் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் பரப்பு வரை 30 விழுக்காடு தள்ளுபடி பெறலாம். நிர்வாகத்துக்கு இது மிக எளிது, ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டைப் பார்த்தால் போதும். நம் கணக்கில் ஆண்டுக்கு 720 ரூபாய் மிச்சமாகும். ஆனால் 200 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 2,150 சதுர அடி. பெரும் பதவியில் இருந்து ஓய்வுபெற்றுக் கோத்தகிரியில் பங்களா கட்டிக் குடியேறியவர் 20,000 ரூபாய் வரி செலுத்துகிறார் என்றால், அவருக்கு 6,000 ரூபாய் குறையும். முதுமையும் ஏழ்மையும் ஒன்றல்ல என்பது இந்த மலையில் தெருவுக்குத் தெரு கண்ணில் படுகிற உண்மை.

மூன்றாவது, வீட்டின் பரப்பை அளவுகோலாகக் கொள்வது. மும்பையில் 500 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்குச் சொத்து வரி விலக்கு அளிக்க மகாராஷ்டிர அரசு 2022 ஜனவரியில் முடிவு செய்தது. சான்றிதழும் மனுவும் தேவைப்படாமல், பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் அளவைக் கொண்டே நடந்துவிடும் ஏற்பாடு என்பதால் எனக்கு இதன்மீது பெரிய மதிப்பு உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இரண்டு இடங்களில் தவறும். முதலாவதாக, 550 சதுர அடி வீடு 50 சதுர அடி மிகுதியால் விலக்கை முழுவதும் இழக்கும். நம்முடைய 2022 வரிப்படிநிலையே 600 சதுர அடியில் கோடு போட்டிருப்பதால், அதே கோட்டை எடுத்துக்கொள்வது இயல்பாக இருக்கும். இரண்டாவதாக, நீலகிரியில் சிறிய வீடு என்றாலே ஏழையின் வீடு என்று கொள்ள முடியாது. கோடையில் இரண்டு வாரம் தங்குவதற்காகச் சமவெளியினர் வாங்கி வைத்திருக்கும் ஓரறை அடுக்கு வீடும் சிறியதுதான். எனவே குடும்ப அட்டையில் அந்த முகவரி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தாக வேண்டும்.

நான்காவது வழி வருமானத்தை அளவுகோலாகக் கொள்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1964-இல் முதியோருக்காகத் தொடங்கிவைத்த இந்த முறைக்குச் சர்க்யூட் பிரேக்கர் என்று பெயர். பளு மிகும்போது மின்சுற்று தானாகத் துண்டிக்கப்படுவதைப் போல, வரி வருமானத்தின் குறிப்பிட்ட பங்கைத் தாண்டும்போது எஞ்சியதை மாநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ ஏற்றுக்கொள்ளும். வரம்பை 3 விழுக்காடு என்று நாம் வைத்துக்கொண்டால், 48,000 ரூபாய் ஆண்டு வருமானம் உள்ள நம் கைம்பெண் 1,440 ரூபாய் கட்டினால் போதும். மாதம் 1,000 ரூபாய் மட்டுமே பெறுபவர் 360 ரூபாய் கட்டுவார். கோத்தகிரிப் பங்களாக்காரருக்கு எதுவும் கிடைக்காது. யாருக்குத் தேவையோ அவரிடமே போய்ச் சேருவதில் இதற்கு இணையான முறை வேறில்லை.

அதன் குறை நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருமானச் சான்று வாங்கி, நகராட்சி அலுவலகத்துக்கு ஏறி இறங்குவது முழங்கால் வலியுள்ள எழுபது வயதினருக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் நேரில் பார்க்கிறேன். இதற்கு ஒரு தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆயுள் சான்று கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே நாளில், அதே கைரேகையோடு வரிச்சலுகைக்கான ஒப்புதலையும் பெற்றுக்கொண்டால் இன்னொரு பயணம் மிச்சமாகும்.

ஐந்தாவது வழியான ஒத்திவைப்பை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் பெரிதும் விரும்புவார்கள். ஓரிகன் மாநிலத்தில் 62 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த வீட்டு உரிமையாளர்களின் வரியை மாநிலமே செலுத்தி, வீடு கைமாறும்போது வட்டியுடன் திரும்பப் பெறுகிறது. அரசுக்கு இழப்பு குறைவு, முதியவருக்கும் இன்றைய சுமை நீங்குகிறது. ஆனால் இதற்கு வீட்டின்மீது ஒரு பற்றுரிமை, அதாவது கடன் தீரும்வரை அரசுக்குள்ள பிடிமானம், பதிவாக வேண்டும். பதிவாவதற்குத் தெளிவான பட்டா வேண்டும். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் ஜென்மிகள் எனப்பட்ட பெருநிலக்கிழார்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் வரும் நிலங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் ஏராளம். வீட்டை வைத்து வங்கியில் மாதத் தொகை பெறும் தலைகீழ் அடமானமும் இதே காரணத்தால் அவர்களுக்கு எட்டாது. பட்டா உள்ளவர்களிடம் பேசினாலும், பிள்ளைகளுக்குக் கடனோடு வீட்டை விட்டுச்செல்ல மாட்டேன் என்ற பதிலே வருகிறது. அந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. எதைச் சேமித்தோம் என்று கேட்டால் அந்த வீட்டைத் தவிரக் காட்ட அவர்களிடம் வேறொன்றும் இல்லை.

விலக்கு என்று பேசும்போது வெளியூர் உதாரணங்களில் காணக்கிடைக்காத ஓர் அச்சத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பட்டா இல்லாதவர்களுக்கு வரி ரசீதுதான் அந்த இடத்தில் தாம் வாழ்கிறோம் என்பதற்குக் கையிலுள்ள தாள். சட்டப்படி அது உரிமைச் சான்று ஆகாது என்றாலும், பழைய ரசீதுகளை நெகிழி உறைக்குள் போட்டுத் தகரப் பெட்டியில் ஆண்டு வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள். வரியே இல்லை என்றால் ரசீதும் நின்றுவிடுமே என்று அஞ்சி, விலக்கு வேண்டாம் என்று சொல்லும் முதியவர்களும் உண்டு. ஆகவே எந்த முறையில் விலக்கு அளித்தாலும், வரி விதிப்பு எண்ணும் பெயரும் முகவரியும் கொண்ட, தொகை பூஜ்ஜியம் என்று காட்டும் சுழிய ரசீதை ஒவ்வோர் அரையாண்டும் வழங்குவதை விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

என் தேர்வு இதுதான்: 600 சதுர அடிக்கு உட்பட்ட, குடும்ப அட்டையில் முகவரி உள்ள வீடுகளில் வாழும் மூத்தோருக்கு மனு இல்லாமலே முழு விலக்கு, அதற்கு மேற்பட்ட பரப்பில், பழைய கூட்டுக்குடும்ப வீட்டில் தனித்துவிடப்பட்டவர்களுக்கு வருமான வரம்பு முறை. வயதை மட்டும் பார்க்கும் தள்ளுபடியையும் ஒத்திவைப்பையும் இந்த மலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை அனைத்தும் சொந்த வீடு உள்ளவர்களைப் பற்றியவை. தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் குடியிருப்பு வழங்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது, பணி முடிந்தால் லைன் வீடு எனப்படும் அந்தத் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். அப்படி வெளியேறி வாடகைக்குப் போகிறவர்களுக்கு வயது, பரப்பு, ஒத்திவைப்பு ஆகிய மூன்றுமே பயன்படா. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் வருமான வரம்பு முறைக்குள் வாடகையின் ஒரு பகுதியை வரியாகக் கருதி வாடகைதாரருக்கும் தொகை திருப்பித் தருகிறார்கள். இங்கே அதைச் செய்ய முனைந்தால் முதலில் தேவைப்படுவது வாடகை ரசீது, அதைத்தான் என்னிடம் வரும் வாடகைதாரர்களில் எவரும் இதுவரை கொண்டுவந்ததில்லை.