பி5.ஜேஎஸ்: ஐந்து ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

நிரல் எழுதிப் படம் வரையத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இடையில் எத்தனையோ கருவிகளைத் தொட்டுப் பார்த்தேன்; கையோடு தங்கியது பி5.ஜேஎஸ் என்ற நிரல் நூலகம் மட்டும்தான். கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய, நிரலால் படம் வரையும் கருவியான பிராசஸிங்கின் வழியில், இணைய உலாவிக்காக லாரன் மெக்கார்த்தி 2013இல் உருவாக்கத் தொடங்கியது இது. இலவசம். எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் என்பதால், மதிப்பைச் சேமிக்கும் மாறிக்குக் 'கோணம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். எனக்கு அது ஒரு சின்ன சந்தோஷம்.

முதலில் வரைய முயன்றது சூரியகாந்தி. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் வரிசை எண்ணை 137.5 பாகையால் பெருக்கினால் கோணம். அதே எண்ணின் வர்க்கமூலம் மையத்திலிருந்து தூரம். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்தக் கருவி கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற வேறு அலகில் எடுத்துக்கொள்ளும், நாம் மாற்றிச் சொன்னாலொழிய. பிழைச் செய்தி வராது. ஏதோ ஒரு சுருள் வரும், பூ வராது. ஒரு மாலை முழுக்க இதில் போயிற்று. சரியானதும் 137.5ஐ 137.3 ஆக்கிப் பார்த்தேன். நெருங்கி நின்ற விதைகள் பிரிந்து, ஒரே பக்கம் வளைந்த கைகளாயின. 0.2 பாகை ஆயிரம் புள்ளிகளில் சேர்ந்துகொண்டே போனதன் விளைவு.

அடுத்து, கென் பெர்லின் உருவாக்கிய 'நாய்ஸ்' முறையில், அதாவது இடத்துக்கு இடம் மெல்ல மாறும் தற்செயல் எண்களைக் கோணமாக்கி, கோடுகளை ஓடவிட்டேன். நீரோட்டம் போல அழகாக ஓடின, ஆனால் எல்லாம் இடப்பக்கமே ஓடின. காரணம் பிடிபடப் பல வாரங்கள் ஆயின. அது தரும் எண் 0 முதல் 1 வரை என்றாலும் பெரும்பாலும் நடுவிலேயே சுற்றும். அதை 360ஆல் பெருக்கினால் 180 பாகையை ஒட்டித்தான் விழும். 180 என்றால் இடப்பக்கம். மேலும் நான்கால் பெருக்கியதும் கோடுகள் நாலா பக்கமும் போயின. இணையத்தில் இடப்பக்கம் சாயும் படங்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

குறைகளும் உண்டு. அசையும் படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் பல்லாயிரம் வடிவங்களை வரையச் சொன்னால் திணறும். அச்சுக்கு அனுப்ப நினைப்பவர்கள் அளவுகளைப் பிக்சலில் எழுதாமல் திரை அகலத்தின் பங்காக எழுதுங்கள். ஏ3 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். திரையை மட்டும் பெரிதாக்கினால் என் படம் ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்துகொண்டது.

ஆனால் மிகப் பெரிய இழப்புக்குக் கருவி பொறுப்பல்ல. தற்செயல் எண்களுக்கு விதை எண், அதாவது அதே வரிசையை மீண்டும் தரவைக்கும் தொடக்க எண், கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ஓட்டமும் புதுப் படம். இரண்டாம் ஆண்டில் ஒருநாள், சதுரங்களின் வரிசை கீழே இறங்க இறங்கக் குலையும் படம் ஒன்று வந்தது. வலது ஓரத்தில் ஒரே ஒரு சதுரம் மட்டும் அசையாமல் நின்றது. சேமிப்பதற்குள் பழக்கதோஷத்தில் மறுபடி இயக்கிவிட்டேன். இப்போது விதை எண் கோப்பின் பெயரிலேயே பதிவாகிறது. அந்தப் பழைய நிரலை இன்னும் அவ்வப்போது ஓட்டிப் பார்க்கிறேன். அந்தச் சதுரம் வரவில்லை.