ஆல்பத்தோடு வந்த பன்னிரண்டு பக்கங்கள்

கடந்த தை மாதம் வேலூரில் நடந்த என் மகளின் திருமணத்துக்குப் படம் எடுக்க, சத்துவாச்சாரியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரை அமர்த்தினோம். ஆல்பத்தோடு, நடந்ததைத் தாமே எழுதிச் சிறு புத்தகமாகவும் அச்சிட்டுத் தருகிறார் என்று என் தம்பி விசாரித்து வந்து சொன்னபோது, எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை பிறக்கவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் வேறொரு புகைப்படக்காரர் எழுதித் தந்த இரண்டு பக்கங்களை முன்பே படித்திருந்தேன். "இரு மனங்கள் இணைந்த இனிய பொழுது", "சொல்லில் அடங்காத ஆனந்தம்" என்றெல்லாம் அதில் இருந்தன; மணமக்களின் பெயரை அடித்துவிட்டு வேறு இருவரின் பெயரை எழுதினால் ஊரில் நடக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் அது அப்படியே பொருந்தியிருக்கும். எங்கள் புத்தகம் கைக்கு வந்து இப்போது மூன்று மாதமாகிறது. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் ஸ்டுடியோவின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திருமணத்துக்கு முன் ஒரு காலை குடும்பப் படங்கள், முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 95 ஆயிரம் ரூபாய் பேசி, 25 ஆயிரம் முன்பணம் கொடுத்தோம். 12×36 அங்குல ஆல்பத்தில் 40 ஷீட், பன்னிரண்டு பக்கப் புத்தகத்தில் இரண்டு படிகள் என்பது ஏற்பாடு. ட்ரோன் வேண்டாம் என்றோம், அவரும் வற்புறுத்தவில்லை.

ஒப்பந்தத் தாளில் ஒரு வரியைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருந்தது. எங்கள் படங்களில் இருபதையும் எழுத்தில் ஒரு பகுதியையும் அவர் தம்மிடம் வரும் பிற குடும்பங்களுக்குக் காட்டலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, நாமே முதல் உரிமையாளர். இது தெரியாமலேயே பலர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எங்களைக் கேட்ட பிறகே காட்ட வேண்டும், குழந்தைகள் இருக்கும் படங்களை அவர்களுடைய பெற்றோர் சம்மதமின்றிக் காட்டவே கூடாது என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் அந்த வரியை அடித்து, பக்கத்தில் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டார். எனக்கு அவர்மீது மதிப்பு வந்தது அப்போதுதான்.

குடும்பப் படங்களுக்கு ஏலகிரி போகலாமா என்று கேட்டார். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் ஏற முடியாது என்றதும், கோட்டை அகழிக்கரையைச் சொன்னார். கோட்டையின் வாசல் கிழக்கு நோக்கியது. ஆகவே காலை வெயில் கருங்கல் மதிலில் நேராக விழும், எட்டரை மணிக்கு மேல் போனால் எல்லோருடைய கண்ணுக்கடியிலும் நிழல் கட்டிவிடும் என்பது அவர் கணக்கு. கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் ட்ரைபாட், விளக்குகள் எதையும் கொண்டுவராமல், கையில் ஒரு கேமராவும் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டுமாக ஆறரை மணிக்கே வந்து நின்றார். அந்த நோட்டைத்தான் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பத்துப் படம் எடுத்தால் இரண்டு வரி எழுதிக்கொள்வார். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரைத் தேடுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டுக்கொள்வார்.

என் மாமியாரின் அக்காளுக்கு வயது 84. நாங்கள் பெரியத்தை என்று அழைப்போம். அவரிடம் குனிந்து, "பாட்டி, பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று இவர் கேட்க, காது மந்தமான பெரியத்தை, "எனக்கு ஒண்ணும் வேணாம்பா, டீ குட்ச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவராகவே, "இவ அப்பன நான்தான்பா இடுப்புல தூக்கி வளத்தேன், அவன் இல்லாத எடத்துல நான் நிக்கறேன்" என்றார். இந்த இரண்டு பேச்சும், எங்கள் ஊர்ப் பேச்சு மாறாமல், புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் காலையில் பெரியத்தையை எடுத்த படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் இந்த வரிகள் பக்கத்தில் இல்லாவிட்டால், இருபது வருடம் கழித்து என் பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ ஒரு கிழவியின் படமாக மட்டுமே இருக்கும்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகூர்த்தப் புடவை ஆரணியில் எடுத்தது, மயில்கழுத்து நிறம். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடுவதால், ஒளி விழும் பக்கத்தைப் பொறுத்து அந்தப் பட்டு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் நீலமாகவும் மறுபக்கத்தில் பச்சையாகவும் தெரிவதைப் பார்த்த உறவினர்கள், "கலர் தப்பா பிரிண்ட் ஆயிருக்கே" என்று சொன்னபோது, புத்தகத்தில் அவர் இதற்கென்றே எழுதியிருந்த நான்கு வரிகளைப் படித்துக் காட்டினேன். இரண்டையும் ஒரே நிறமாகக் கணினியில் மாற்றிவிடுவது எளிது என்றாலும் அப்படிச் செய்தால் நெய்தவரின் வேலை அழிந்துவிடும் என்று அவர் எழுதியிருந்ததைக் கேட்ட பிறகு யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதே கண்ணோடுதான் என் மகளின் நிறத்தையும் அவர் அணுகியிருக்கிறார். அவள் மாநிறத்துக்கும் சற்றுக் கறுப்பு. பல ஸ்டுடியோக்கள் கேட்காமலேயே முகத்தை மட்டும் வெளுக்கடித்துவிட, கழுத்தும் கையும் வேறொருவருடையவை போல நிற்கும். இந்த ஆல்பத்தில் அவள் அவளாகவே இருக்கிறாள்.

மண்டப மேடையில் கட்டியிருந்த மலிவான எல்.இ.டி. விளக்குகளால் வந்த சிக்கலையும் எழுதியிருக்கிறார். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்பதால் அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னி மங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்துவிடும். அதனால் வேகத்தை நூறில் ஒரு விநாடிக்குக் குறைத்துக்கொண்டாராம். அட்சதை தூவும் கைகள் சில படங்களில் ஏன் சற்றுக் கலங்கித் தெரிகின்றன என்பது அதைப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது. இருந்தாலும் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பது அதிகம். அந்த இடத்தில் சமையற்காரர்களைப் பற்றிச் சில வரிகளும் ஒரு படமும் இருந்திருக்கலாம். விடிய விடிய அடுப்படியில் நின்றவர்கள் ஆல்பத்தில் எங்குமே இல்லை.

இனி, எனக்கு வருத்தம் தந்த இடம். அச்சுக்குப் போகும் முன் எழுத்தை எங்களுக்கு அனுப்பி ஒப்புதல் பெறுவது அவர் வழக்கம். அப்படி வந்த பிரதியில் முகூர்த்தப் பகுதியில் இப்படி இருந்தது: "மணப்பெண்ணின் தாயார் மேடைக்கு வரவில்லை. மூன்றாவது தூணருகே நின்றார். தாலி ஏறியபோது அவர் தூவிய அட்சதை மேடையை எட்டவில்லை." என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தாரை வார்த்தது என் தம்பியும் அவன் மனைவியும். நான் ஏன் தூணருகே நின்றேன் என்பதை எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் என்னைப் பார்த்திருக்கிறார், அதை எழுதியும் வைத்திருக்கிறார் என்பது அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் போனில், "தம்பி, இத எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டேன். "எடுத்துடறேங்கம்மா. எழுதறதுக்கு முன்னாடியே உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும், தப்புதான்" என்றார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. மாலையே திருத்திய பிரதி வந்தது. மூன்று வாக்கியங்களும் அதில் இல்லை. நீக்கிய பிறகு அந்தப் பத்தியைப் படித்தபோது, என் மகளின் கல்யாணத்தில் நான் இருந்ததற்கான சுவடே எழுத்தில் இல்லை என்று தோன்றியது. 2,300 படங்களில் தாலி கட்டும் நேரத்தில் நான் இருப்பது ஒன்றே ஒன்றில், அதுவும் ஓரத்தில். மீண்டும் அழைத்து, முதல் இரண்டு வாக்கியங்கள் வேண்டாம், அட்சதை வாக்கியம் மட்டும் இருக்கட்டும் என்றேன். அப்படியே அச்சாகி வந்திருக்கிறது. என் மகள் அதைப் படித்துவிட்டுக் குடியாத்தத்திலிருந்து என்னை அழைத்தாள். என்ன பேசினோம் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அச்சுக்கு முன் காட்டும் அந்த வழக்கம் இல்லாதிருந்தால், இந்தச் சேவையை யாருக்கும் பரிந்துரைத்திருக்க மாட்டேன். படத்தில் ஓரமாக நிற்பவரை ஓரமாகவே விட்டுவிடலாம். எழுத்து அவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. ஆகையால் ஒருவருடைய இழப்பையோ நோயையோ தொட்டு எழுதும் முன் அவரிடமே கேட்டுவிட வேண்டும் என்பதை அவரிடம் நேரிலும் சொன்னேன்.

மற்ற குறைகள் சிறியவை. 45 நாளில் தருவதாகச் சொன்னது 62 நாளில் வந்தது. என் பெரியம்மாள் மகளை நாத்தனார் என்று எழுதியிருந்தார். திருத்தச் சொன்னதும் திருத்தினார். கூடுதல் படி ஒன்றுக்கு 1,500 ரூபாய் கேட்பது எனக்கு அதிகமாகவே படுகிறது.

ஒரு குறை மட்டும் சிறியதன்று. மாப்பிள்ளை அழைப்பைப் படம் எடுத்தவர் இவருடைய உதவியாளர். இவர் அப்போது மண்டபத்தில் எங்கள் பக்கம் இருந்தார். கண்ணால் பாராததை எழுதியதால் அந்தப் பகுதியில் "மகிழ்ச்சி பொங்கிய ஊர்வலம்" போன்ற, நான் பயந்த அதே வாக்கியங்கள் வந்துவிட்டன. சம்பந்தி வீட்டார் பெருந்தன்மையானவர்கள், வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது படியை அவர்களிடம் கொடுத்த பிறகு ஒரு நாள் சம்பந்தியம்மாள் அதை எடுத்துக் காட்டினார். கடைசியில் வெறுமையாக விட்டிருந்த தாளில், மாப்பிள்ளையின் தாத்தா தறியிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு வந்து காரில் ஏறியது முதல், வழியில் நாதஸ்வரக்காரருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தது வரை, நீல பால்பாயின்ட் பேனாவில் அவரே எழுதி வைத்திருந்தார்.

என் தம்பி மகனுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கும் இவருக்கே முன்பணம் கொடுத்திருக்கிறோம். பெண் வீடு, பிள்ளை வீடு இரண்டின் சடங்குகளிலும் அவரே நேரில் இருக்க வேண்டும் என்பதை இந்த முறை ஒப்பந்தத் தாளில் முதல் வரியாக எழுதி வாங்கியிருக்கிறேன்.